மூணு மாசத்துக்கு முன்னால என்ன ஆச்சு?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இப்போது முடிக்கென்றே ஒரு கடைவீதி உருவாகிவிட்டது. சாரதா காலேஜ் ரோட்டில் தொடங்கி அஞ்சு ரோடு வரை நடந்தால், பல் மருத்துவமனைக்கும் கருத்தரிப்பு மையத்துக்கும் இடையில் முடி நடும் மையம், முடி உதிர்வு சிகிச்சை மையம், தோல் கேச மருத்துவமனை என்று பலகைகள். பலகையின் இடப்பக்கம் சொட்டைத் தலை, வலப்பக்கம் அதே தலையில் கருகருவென்று முடி. எழுபதுகளில் நான் பாவாடை சட்டையோடு திரிந்தபோது இந்தப் பக்கம் முடிக்கென்று இருந்தவை கொஞ்சம்தான்: நாலு ரோட்டுக்குப் போகும் வழியில் ஒரு சலூன், ஒரு செக்கு எண்ணெய்க் கடை, அரப்புத்தூளைப் படியில் அளந்து தரும் ஒரு பாட்டியம்மா. மிச்சமெல்லாம் வீட்டுக்குள் நடந்தது.

இரண்டு காலத்தையும் பார்த்துவிட்டேன் என்பதால் இதை எழுதுகிறேன். அன்றைக்கு எங்களிடம் பரிசோதனை வசதி கிடையாது. ஆனால் முடி கொட்டினால் "உடம்புக்கு என்ன?" என்று கேட்க வீட்டில் ஆள் இருந்தது. இன்றைக்கு ஃபேர்லேண்ட்ஸில் தெருமுனைக்குத் தெருமுனை ரத்தம் எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே எண்ணெயும் ஊசியும் தொடங்கிவிடுகின்றன. கேள்வியும் பரிசோதனையும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் முடி காட்டிக்கொடுக்கிற நோயைப் பிடிக்க முடியும். எங்கள் குடும்பத்தில் என் சித்தியும் அவர் பேத்தியும் தங்கள் தலைமுடியைக் கொடுத்து இதைத் தெரிந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் அம்மாவைப் பெற்ற அம்மாயியின் பொறுப்பு. பேத்திமார் எல்லோரையும் கிணற்றடியில் வரிசையாக உட்கார வைத்து, சூடு காட்டிய நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தட்டுவார். அரப்பு தேய்த்து அலசும்போது அவர் கண் தலையை விட்டு நகராது. பேன், ஈர், பொடுகு, சிரங்கு எல்லாம் அன்றைக்குத்தான் அகப்படும். கையோடு வந்த முடியை விரலில் சுற்றிப் பார்ப்பார். வழக்கத்துக்கு மேல் இருந்தால் விசாரணை ஆரம்பமாகும்.

"ஏங்கண்ணு, சோறு ஒழுங்கா திங்கறியா? வயித்துல பூச்சி கீச்சி இருக்குதா? செவுத்துச் சுண்ணாம்பச் சுரண்டித் திங்கறியா?"

கேட்டபடியே கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். பிறகு நகம், பிறகு நாக்கு. இமை வெளுத்திருந்தால் அன்றே பூச்சி மருந்து. தொடர்ந்து முருங்கைக்கீரையும் ராகிக் களியும். மண்ணும் சுண்ணாம்பும் தின்னத் தோன்றும் ஆசை, வெளுத்த இமை, குழிந்த நகம், மெலிந்து உதிரும் முடி இவை நான்கும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்கள் என்று பின்னாளில் மருத்துவர்கள் சொல்லக் கேட்டேன். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க ரத்தத்தை உறிஞ்சும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அம்மாயிக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. முடியைப் பார்த்தால் உடம்பைத் தேடவேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. கடுமையான ரத்தசோகையைக் கீரையால் மட்டும் சரிசெய்ய முடியாது, மாத்திரை வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

தெரியாத இன்னொன்று சித்தியை வாட்டியது.

சித்திக்கு முட்டி வரை முடி. கல்யாணத்துக்குச் சவுரி வைக்காமலே பூ ஜடை தைத்தார்கள் என்று சொந்தக்காரர்கள் நெடுநாள் பேசினார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் அந்த முடி கொத்துக் கொத்தாக வந்தது. "கொழந்த முகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும். தன்னால வளந்துரும், பயப்படாத" என்றார் அம்மாயி. அதில் உண்மை இருந்தது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜென் மிகுந்திருப்பதால் உதிரவேண்டிய முடிகளும் உதிராமல் நிற்கும். பிள்ளை பிறந்ததும் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்க, அத்தனை முடியும் ஒன்றாக ஓய்வுக்குப் போய், ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிற பருவமும் அதுவே. பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவைத்த கணக்கு அது.

ஆனால் குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகும் சித்திக்கு நிற்கவில்லை. மிஞ்சிய முடியும் வறண்டு தேங்காய் நாராக ஆயிற்று. குரல் கட்டிப்போனது. முகம் உப்பியது. சித்திரை வெயிலில் ஊரே விசிறியோடு உட்கார்ந்திருக்க அவர் போர்வை தேடினார். பகலிலும் தூக்கம். "இவ சோம்பேறி" என்று புகுந்த வீட்டில் முடிவுகட்டினார்கள். கரிசலாங்கண்ணித் தைலம், செம்பருத்தி, வெந்தயம் எல்லாம் ஆயிற்று. போர்த் தண்ணியைத் திட்டிவிட்டு மேட்டூர்த் தண்ணியில் தலை குளிக்க வைத்தார்கள். அதற்கும் நிற்கவில்லை. பிறகு இரண்டு புருவங்களும் வெளிப்பக்கத்திலிருந்து தேயத் தொடங்கின. அன்றிலிருந்து அவருக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரிய வியாதி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 1873-இல் ஹான்சென் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த இடங்களை நாடும். அதனால் முற்றிய வகைத் தொழுநோயில் தலைமுடி பெரும்பாலும் அப்படியே இருக்க, புருவம் முதலில் உதிரும். ஊர் அந்த ஓர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. மற்ற அடையாளங்களைத் தேடத் தெரிந்தவர் எங்கள் பள்ளிக்கு வந்துபோகும் தொழுநோய்த் தடுப்புப் பணியாளர். பிள்ளைகளை வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகையும் கைகளையும் பார்த்து, நிறம் மாறிய இடத்தைப் பேனா முனையால் தொட்டு "தெரியுதா?" என்று கேட்பவர் அவர். அம்மாயி அவரை வீட்டுக்கு வரவழைத்தார். அவர் சித்தியின் முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். காது மடலைப் பார்த்தார். தோல் முழுக்க உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தார்.

"அந்த நோய் இல்லீங்கம்மா. தேமல் இல்ல, மரமரப்பு இல்ல, நரம்பும் தடிக்கல. ஆனா முகத்தப் பாத்தா உள்ளுக்குள்ள என்னமோ இருக்குதுங்க. பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க. தட்டு, தம்ளர எல்லாம் ஒண்ணா வைங்க மொதல்ல."

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சித்தியின் தலையைப் பார்க்கும் முன் காலைப் பார்த்தார். மண்டியிட வைத்துக் குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் மெதுவாகத்தான் தளர்ந்து பழைய நிலைக்கு வந்தது. "தைராய்டு சுரப்பி வேலை செய்யலம்மா. ரத்தத்துல அளந்து பாக்கணும்" என்றார். அதற்கான வசதி அன்றைக்கு வேலூரில் இருந்தது. சித்தப்பா ரயிலில் காட்பாடி வரை அழைத்துப் போய் சி.எம்.சி.யில் காட்டினார். இம்மியளவு ஹார்மோனையும் ரத்தத்தில் அளக்கும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் சேர்ந்து உருவாக்கியிருந்தார்கள். அதற்காக யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. சித்தியின் நோய்க்கு வைத்தியம் அதற்கும் நெடுங்காலம் முன்பே இருந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே 1891-இல் ஆட்டின் தைராய்டுச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு, இதே உப்பிய முகமும் உதிர்ந்த முடியும் கொண்ட ஒரு பெண்ணைத் தேற்றினார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தச் சாற்றிலுள்ள தைராக்சினைப் பின்னால் செயற்கையாகச் செய்யக் கற்றார்கள். சித்தி சாப்பிட்டது அந்தச் சின்ன மாத்திரையைத்தான், காலையில் வெறும் வயிற்றில்.

முதலில் குரல் தெளிந்தது. பிறகு முக வீக்கம் வடிந்தது. முடி கடைசியாகத்தான் வந்தது. புருவம் நிரம்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. முட்டி வரை இருந்த கூந்தல் திரும்பவில்லை, இடுப்பு வரை வந்தது. சோம்பேறி என்று பெயர் வாங்கியவர் விடிகாலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டார். அந்த மாற்றத்துக்கு அவர் உடம்பில் சேர்ந்தது நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மருந்து.

தொழுநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு அது முழுமையாகக் குணமாகும் நோய். 2005 டிசம்பரில் தேசிய அளவில் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையைக் கடந்துவிட்டோம். ஆனால் நோய் முழுதாக ஒழிந்துவிடவில்லை. புருவம் உதிர்வதோடு உணர்ச்சியற்ற தேமலும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மருந்து கிடைக்கும். ஒதுக்கி வைக்க அன்றும் தேவை இருந்ததில்லை, இன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களில் சிலருக்குத் தலை செம்பட்டையாக இருக்கும். மானாவாரிக் காட்டில் கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள். எண்ணெய் காணாத தலை, வெயிலில் கருகிவிட்டது என்று ஆசிரியர்களும் சொன்னார்கள். வெயிலும் முடியை வெளுக்கச் செய்யும்தான். ஆனால் வயிறு முன்தள்ளி, கால் வீங்கி, இழுத்தால் வலியே இல்லாமல் முடி கையோடு வந்தால் அது புரதப் பஞ்சம். 1930களில் ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் குவாஷியார்கர் என்ற பெயரில் எழுதிவைத்த நோய் அதுதான். முடி ஏறக்குறைய முழுக்கவே புரதம். சாப்பாடு கிடைத்த மாதங்களில் கறுப்பாகவும் கிடைக்காத மாதங்களில் வெளிறியும் வளர்ந்து, ஒரே முடியில் பட்டை பட்டையாக நிறம் மாறியிருக்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால் அந்தப் பிள்ளை எந்த மாதத்தில் பட்டினி கிடந்தது என்று சொல்லிவிடலாம்.

காமராஜரின் மதிய உணவு 1956-இல் வந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலையில் வந்தது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது, 2010-இல் அது பள்ளி நாளுக்கு ஒன்றானது. அப்போது எங்கள் மாவட்டத்தோடு சேர்ந்திருந்து 1997-இல் தனி மாவட்டமான நாமக்கல், இன்று நாடு முழுக்க முட்டை விலைக்குக் கவனிக்கப்படும் ஊர். அந்தப் பக்கத்துக் கோழிப்பண்ணை முட்டை சத்துணவுக் கூடத்துக்கு வந்தது, இந்தச் சமவெளிப் பிள்ளைகளின் முடிக்கு எந்தத் தைலமும் செய்யாத நன்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்று அரசுப் பள்ளி வாசலில் நின்று பார்க்கிறேன். அந்தச் செம்பட்டைத் தலைகளை எளிதில் காண முடிவதில்லை.

சலூன்காரர் அண்ணனுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. பையன்களின் பின்தலையில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு முன் அவருக்குத்தான் தெரியும். "பையனுக்குப் பூச்சிவெட்டு விழுந்திருக்குதுங்க" என்று வீட்டுக்கே வந்து சொல்வார். வழவழவென்று, செதிளோ புண்ணோ இல்லாமல், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் வட்டம். ராத்திரியில் ஏதோ பூச்சி முடியைத் தின்றுவிட்டது என்று நம்பினோம். சின்ன வெங்காயத்தை அரிந்து தேய்ப்பது வழக்கம். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் தடம் மாறி முடியின் வேரைத் தாக்குவதால் வருவது அது. பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். வெங்காயச் சாற்றால் பலருக்கு முடி முளைத்ததாக 2002-இல் பாக்தாத் மருத்துவர்களின் சிறு ஆய்வு ஒன்றும் வெளியானது. ஆனால் இப்படித் தடம் மாறிய எதிர்ப்புச் சக்தி சிலருக்குத் தைராய்டையும், சிலருக்குத் தோலின் நிறத்தையும் சேர்த்தே தாக்கும். வட்டம் பெரிதானாலோ மீண்டும் மீண்டும் வந்தாலோ தைராய்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். தலை முழுவதும் உதிர்ந்துபோனவர்களுக்கும் இன்று வழி உண்டு. பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2022-இல் இதற்கென ஒப்புதல் தந்தது.

அதே அளவு வட்டத்தில் செதிளும் அரிப்பும் ஒடிந்த முடியும் இருந்தால் அது படர்தாமரையின் பூஞ்சை. சிறுவர்களுக்கு அதிகம் வரும். அதற்கு வெங்காயம் உதவாது, களிம்பு மட்டும் போதாது, வாரக்கணக்கில் மாத்திரை வேண்டும். பெரியவர்களில் சிலருக்கு அந்து அரித்த துணியாட்டம் திட்டுத் திட்டாக முடி போயிருக்கும். அண்ணன் அவர்களைத் தனியே அழைத்து, "பெரியாஸ்பத்திரில ரத்தம் டெஸ்ட் பண்ணிக்குங்க" என்பார். மேகநோயின் இரண்டாம் கட்டத்தில் முடி அப்படித்தான் உதிரும். பென்சிலினில் தீரும். அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமலே அனுப்பியதால் எத்தனை குடும்பங்கள் தப்பித்தனவோ.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். சித்தியின் பேத்திக்கு 24 வயது. வங்கி வேலை, ஃபேர்லேண்ட்ஸிலேயே வீடு. ஐப்பசி மழையில் டெங்கு வந்து நாலைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீடு திரும்பிப் பழைய நிலைக்கு வந்து, டெங்கு வந்ததையே மறந்துவிட்டாள். தை மாதம் முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில், குளியலறைச் சல்லடையில், அலுவலக மேசையில். "வேரோட வருது பெரியம்மா, பாருங்க" என்று என்னிடம் ஒரு முடியைக் காட்டினாள். நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன முண்டு.

ஒரு மையத்துக்குப் போனாள். கேமரா வைத்துத் தலையைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். அரை மணி நேரத்தில், அவளுடைய ரத்தத்தையே எடுத்துப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடும் சிகிச்சைக்கு மாதத் தவணை முடிவாகிவிட்டது. பயோட்டின் மாத்திரையும் ஒரு பாட்டில் தைலமும் கொடுத்தார்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மாதவிலக்கைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா என்று கேட்கவில்லை.

தன் புருவத்தையே உதாரணம் காட்டி அவளை ஒரு தோல் மருத்துவரிடம் அனுப்பியது சித்திதான். நானும் கூடப் போனேன். அந்த அம்மா தலையைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "மூணு மாசத்துக்கு முன்னால என்ன ஆச்சு?"

ஒரு நோய்க்கும் முடி உதிர்வுக்கும் இடையில் இந்த மூன்று மாதம் ஏன் வருகிறது என்று அவர் நிதானமாக விளக்கினார். நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள். பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து விழும். அதனால் நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி உணவுமுறை, தாங்க முடியாத துக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் உடம்பு உயிர் காக்கும் வேலைக்கு முன்னுரிமை கொடுத்து, ஏராளமான முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். அவை விழும்போது காய்ச்சலை எல்லோரும் மறந்திருப்பார்கள். ஆல்பர்ட் கிளிக்மன் 1961-இல் இதற்குப் பெயர் வைத்து விளக்கினார். 2021-இல் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த சில மாதங்களில் நம்மூரில் எத்தனையோ பேர் கை நிறைய முடியோடு கலங்கி நின்றதும் இதனால்தான்.

"அந்த வெள்ளை முண்டு வேர் இல்லம்மா. ஓய்வுக்குப் போன முடியோட அடிப்பகுதி. வேர் உள்ளேயே இருக்கு, புது முடி முளைக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பிறகு ஐம்பது அறுபது முடியை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்து, கையோடு வந்தவற்றை எண்ணினார். வகிடு அகன்றிருக்கிறதா, தோலில் முடித் துவாரங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார். துவாரமே இல்லாமல் தோல் பளபளத்தால் அது தழும்பு. லூபஸ் போன்ற நோய் வேரையே அழித்திருக்கலாம். அங்கே ஒவ்வொரு வாரமும் முக்கியம். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை.

அதோடு அவர் விடவில்லை. கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றுக்கும் எழுதிக்கொடுத்து, "பயோட்டினை நிறுத்திட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு ரத்தம் குடுங்க" என்றார். காரணம் கேட்டேன். பயோட்டின் அதிகமாக ரத்தத்தில் இருந்தால் சில ஆய்வுக்கூட முறைகளில் தைராய்டு அளவு தப்பாக வரும். இருக்கிற நோய் மறையலாம், இல்லாத நோய் தெரியலாம். மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் பரிசோதனைகூடப் பிழையாகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்திருக்கிறது. முடிக்காக வாங்கிய மாத்திரை, முடி உதிரும் காரணத்தையே மறைக்கக்கூடும். அதைச் சொல்லாமல் அந்த மாத்திரையை விற்பது தவறு.

தைராய்டு சரியாக இருந்தது. ஃபெரிட்டின் மிகவும் குறைவு. காலையில் காப்பியோடு ஓடி, மதியம் பாதி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவரும் பெண்ணுக்கு மாதவிலக்கில் போகும் ரத்தம் ஈடாகவில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். ஃபேர்லேண்ட்ஸ் மாடி வீடும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். அவள் இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டாள், காப்பியைத் தள்ளிவைத்தாள். ஊசிச் சிகிச்சையை நிறுத்திவிட்டாள். ஆடி மாதத்துக்குள் நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புதுமுடி எழுந்து நின்றது.

அந்த மருத்துவரின் வரவேற்பறையில் முகவாய் முடியைக் குறைக்க வந்த இளம் பெண்கள் பலர் காத்திருந்தார்கள். எங்கள் காலத்தில் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் அரைத்துப் பூசி, பெண் பார்க்க வரும் நாளுக்குள் மறைத்துவிடுவோம். இன்றைக்கு நூல் வைத்து எடுக்கிறார்கள், லேசரில் சுடுகிறார்கள். இரண்டிலும் விடுபடுவது ஒரே கேள்வி: மாதவிலக்கு மாதாமாதம் வருகிறதா? முகத்தில் முடி கூடி, உச்சியில் குறைந்து, மாதவிலக்கும் தள்ளிப்போனால் சினைப்பை நீர்க்கட்டி நோயை நினைக்கவேண்டும். சிகாகோவில் ஸ்டைனும் லெவந்தாலும் 1935-இல் விவரித்த நோய் அது. கவனிக்காவிட்டால் சர்க்கரை நோய்க்கும் கருத்தரிப்புச் சிக்கலுக்கும் வழிவிடும். சில மாதங்களுக்குள் வேகமாக முடி முளைத்துக் குரலும் தடித்தால், சினைப்பையிலோ சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்கவேண்டும். முகத்து முடியைக் குறைக்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் இதைக் கேட்க ஒரு நிமிடம் போதும்.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் ஊரே சாட்சி சொன்னது. 2024 டிசம்பர் இறுதியிலிருந்து மகாராஷ்டிரத்தின் புல்தானா மாவட்டத்தில் ஷேகாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சில நாட்களுக்குள் தலை வழுக்கையானது. முதலில் தண்ணீரையும் பூஞ்சையையும் சந்தேகித்தார்கள். மத்திய ஆய்வுக் குழு ரத்தத்திலும் முடியிலும் செலீனியம் கூடியிருப்பதைக் கண்டது. தேள்கடி சிகிச்சைக்குப் பேர்பெற்ற ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற மருத்துவர், அந்த வீடுகளில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போய், ரேஷன் கோதுமையைச் சோதித்து, அதில் செலீனியம் மிக அதிகம் என்று அறிவித்தார். அந்த ஊர்களுக்கு வெறும் ஷாம்பூவும் தைலமும் கொடுத்திருந்தால் உணவுத் தட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எல்லா முடி உதிர்வும் நோய் இல்லை. அப்பா, தாத்தா வழியில் வரும் வழுக்கை பரம்பரையின் போக்கு. அதற்கு மருந்து போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். பள்ளிக்காக இறுக்கிப் பின்னும் இரட்டை ஜடையாலும் நெற்றியோர முடி போகும். தளர்த்திக் கட்டினால் சரியாகும். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் மெய்யல்ல. மழிப்பதால் முடியின் தடிமனோ வேகமோ மாறுவதில்லை என்று மில்ட்ரெட் ட்ராட்டர் 1928-லேயே அளந்து காட்டினார். வேண்டுதலுக்குப் போடலாம், வைத்தியமாகப் போடவேண்டியதில்லை.

ஆனால் திடீரென்று கொத்தாகக் கொட்டினால், புருவம் தேய்ந்தால், வட்டமாக உதிர்ந்தால், உதிர்ந்த இடம் பளபளத்தால், பிரசவமாகி ஒரு வருடம் தாண்டியும் நிற்காவிட்டால், வயதானவரின் முழங்காலுக்குக் கீழே முடி போய்ப் பாதமும் சில்லிட்டிருந்தால், முதலில் உடம்பைக் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னது காலுக்கு ரத்தம் குறைவாகப் போவதன் அடையாளம். சர்க்கரை உள்ளவர்கள் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க ஆகும் செலவு, பலகை வைத்த மையங்களின் ஒரு மாதத் தவணையில் ஒரு சிறு பங்கு. பணம் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. முடி மையம் நடத்துகிறவர்களிடமும் கேட்கிறேன்: கேமராவை எடுப்பதற்கு முன் மூன்று மாதக் கதையைக் கேளுங்கள். காய்ச்சல், சாப்பாடு, மாதவிலக்கு, குடும்பத்தில் தைராய்டு. ரத்தப் பரிசோதனை வந்த பிறகு ரசீது போடுங்கள்.

சித்திக்கு அந்தக் கேள்வி வந்துசேர வருடக்கணக்கில் ஆயிற்று. இடையில் சோம்பேறிப் பட்டமும் தனித் தட்டும் தாங்கினார். பேத்திக்கு ஒரு மாதத் தவணையோடு போயிற்று. அடுத்து இந்தத் தெருவில் ஏறி வருகிற பெண்ணுக்கு முதல் நாளே, முதல் வார்த்தையாகவே அது கிடைக்கவேண்டும்.